ரத்தம் திரும்பும் நிமிடங்கள்

இதயத்தசைச் செல்லின் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மைட்டோகாண்ட்ரியாக்களே பிடித்துக்கொள்கின்றன. கை கால் தசைகளில் அவற்றின் பங்கு சில விழுக்காடுதான். நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை சுருங்கி விரியும் இதயத்துக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. அதற்கு வேண்டிய ஆற்றல் ஏடிபி என்னும் மூலக்கூறின் வடிவில் செலவாகிறது. ஒரு நாளில் இதயம் செலவழிக்கும் ஏடிபியைக் கூட்டிப் பார்த்தால் ஆறு கிலோ அளவுக்கு வரும்; இது இதயத்தின் சொந்த எடையைப் போல ஏறக்குறைய இருபது மடங்கு. ஆனால் எந்தக் கணத்திலும் செல்லுக்குள் இருக்கும் கையிருப்பு சில விநாடித் துடிப்புக்கு மேல் தாங்காது. செலவான ஏடிபியை மைட்டோகாண்ட்ரியாக்கள் உடனுக்குடன் புதுப்பித்துக் கொடுப்பதால்தான் கணக்கு சரிக்கட்டப்படுகிறது. இந்தப் புதுப்பித்தலில் 95 விழுக்காடு ஆக்ஸிஜனை நம்பியே நடக்கிறது.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. வெளிச்சவ்வு தாராளமானது, பல மூலக்கூறுகளைப் போகவர விடும். மடிப்பு மடிப்பாக அமைந்த உள்சவ்வு அப்படியல்ல. அதில் பதிந்திருக்கும் புரதத் தொகுதிகள் வழியே எலக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறி, கடைசியில் ஆக்ஸிஜனைச் சேர்கின்றன. கைமாறும்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு புரோட்டான்கள் உள்சவ்வுக்கு அப்பால் தள்ளப்படுகின்றன. அங்கே குவிந்த புரோட்டான்கள் ஏடிபி சிந்தேஸ் என்ற சுழலும் நொதியின் வழியாக உள்ளே திரும்பும்போது ஏடிபி உருவாகிறது. 1961-இல் பீட்டர் மிட்செல் இதை முன்வைத்தபோது ஏற்றவர்கள் குறைவு. 1978-இல் இதற்காகவே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே நிபந்தனையின் மேல் நிற்கிறது: உள்சவ்வு ஒழுகக் கூடாது. மாரடைப்பில் இதயச் செல் சாவதற்கான வழிகளில் முக்கியமானது, அந்த ஒழுகாத சவ்வு ஒழுகத் தொடங்குவதுதான்.

கரோனரி தமனியின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. அடைப்புக்கு அப்பால் உள்ள தசையில் மிச்சமிருந்த ஆக்ஸிஜன் சில விநாடிகளில் தீர்ந்துவிடும். எலக்ட்ரான்கள் போய்ச் சேர இடமில்லாமல் தொடர் நின்றுபோகிறது. அரை நிமிடம் ஆவதற்குள் அந்தப் பகுதி சுருங்குவதையே கைவிட்டுவிடுகிறது. செல் இன்னும் சாகவில்லை. கையிலிருக்கும் ஏடிபியைச் சிக்கனம் பிடிக்கிறது, அவ்வளவுதான். குளுக்கோஸை ஆக்ஸிஜன் இல்லாமல் உடைத்துக் கொஞ்சம் ஏடிபி செய்துகொள்ள முடியும். ஆனால் அதன் கழிவான லாக்டேட்டையும் புரோட்டான்களையும் அள்ளிச் செல்ல ரத்தம் இல்லை. செல்லுக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. ஏழை ஒட்டியிருந்த பிஎச் அளவு 6.5 வரையும் அதற்குக் கீழும் இறங்கும்.

இந்த நெருக்கடியில் மைட்டோகாண்ட்ரியா செய்யும் காரியம் விசித்திரமானது. புரோட்டான் குவியல் கரையத் தொடங்கியதும் ஏடிபி சிந்தேஸ் தலைகீழாகச் சுழல ஆரம்பிக்கிறது. ஏடிபியைச் செய்துகொண்டிருந்த நொதி, இருக்கும் ஏடிபியை உடைத்து அந்த ஆற்றலில் புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. சவ்வின் மின்னழுத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் முயற்சி இது. விளைவில், விளைவித்துத் தரவேண்டிய உழவன் விதைநெல்லை எடுத்துத் தின்பதற்குச் சமம். ரத்தம் நின்ற நாய் இதயங்களில் செலவாகும் ஏடிபியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவ்வழியில் போகிறது என்று ராபர்ட் ஜென்னிங்ஸின் ஆய்வுக்கூடம் கணக்கிட்டது. இதைக் கட்டுப்படுத்தவென்றே ஐஎஃப்1 என்ற சிறு புரதம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கிறது. அமிலத்தன்மை ஏறும்போது அது நொதியைப் பிடித்து நிறுத்துகிறது, ஆனால் முழுமையாக அல்ல.

கால்சியத்தின் கதை இதற்கு இணையாக ஓடுகிறது. உள்ளே சேர்ந்த புரோட்டான்களை வெளியேற்ற, செல் அவற்றுக்குப் பதிலாக சோடியத்தை உள்ளே வாங்குகிறது. சோடியத்தை மறுபடி வெளியே அனுப்பும் பம்புக்கு ஏடிபி வேண்டும், அது இல்லை. தேங்கிய சோடியம், வழக்கமாகக் கால்சியத்தை வெளியேற்றும் இன்னொரு புரதத்தை எதிர்த்திசையில் இயங்க வைக்கிறது. கால்சியம் உள்ளே வருகிறது. நாற்பது நிமிட அடைப்புக்குப் பிறகு அந்தச் செல்லில் ஏடிபி ஏறக்குறைய இல்லை, கால்சியம் மிகுதி, அமிலம் மிகுதி. இத்தனை சீர்கேட்டிலும் ஒரு பெரிய பகுதி உயிரோடுதான் இருக்கிறது.

எவ்வளவு பகுதி, எவ்வளவு நேரத்துக்கு என்பதை 1977-இல் ரீமரும் ஜென்னிங்ஸும் அவர்களுடைய சகாக்களும் நாய்களில் அளந்தனர். பதினைந்து நிமிடத்துக்குள் அடைப்பை நீக்கினால் தசை பிழைத்துவிடும் என்பது முன்பே தெரிந்திருந்தது. நாற்பது நிமிடம் அடைத்துத் திறந்தால், ஆபத்துக்குள்ளான தசையில் 38 விழுக்காடு செத்தது. மூன்று மணி நேரத்தில் 57, ஆறு மணி நேரத்தில் 71, இருபத்துநான்கு மணி நேரத்தில் 85. சாவு இதயச் சுவரின் உட்புறத்தில் தொடங்கி அலைபோல வெளிப்புறம் நோக்கி நகர்ந்தது. மாரடைப்பு மருத்துவத்தில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு என்ற கருத்து இந்த அளவீட்டிலிருந்து பிறந்ததுதான்.

அடைப்பு திறந்த பிறகு

ரத்தம் திரும்பினால் செல் பிழைக்கும் என்பது பாதி உண்மை. 1960-லேயே ஜென்னிங்ஸ் ஒரு சங்கடமான காட்சியைப் பதிவு செய்திருந்தார்: அடைத்துத் திறந்த நாய் இதயங்களில், ரத்தம் திரும்பிய சில நிமிடங்களுக்குள்ளேயே செல்கள் வீங்கின, தசை இழைகள் ஒரேயடியாகச் சுருங்கி முறுக்கிக்கொண்டன, மைட்டோகாண்ட்ரியாக்களில் கால்சியம் படிந்தது. அடைப்பை நீக்காமல் விட்டிருந்தால் இதே மாற்றங்கள் வெகுநேரம் கழித்தே தெரிந்திருக்கும். 1973-இல் டேவிட் ஹியர்ஸ், ஆக்ஸிஜன் இல்லாமல் வைத்திருந்த இதயத்துக்கு மறுபடி ஆக்ஸிஜன் கொடுத்தபோது நொதிகள் திடீரென்று வெளியே கொட்டுவதைக் காட்டினார். திரும்பும் ரத்தமே கொல்கிறதா, அல்லது ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்த செல்களின் முடிவை அது விரைவுபடுத்துகிறதா என்ற சண்டை இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1985-இல் பிரான்வால்டும் குளோனரும் இந்தச் சிக்கலை இருமுனைக் கத்தி என்று பெயரிட்டுக் கேள்விக்குறியோடு விட்டுவைத்தார்கள்.

சண்டையைத் தீர்த்தது, மைட்டோகாண்ட்ரியா எப்போது உடைகிறது என்பதைக் கண்டறிந்ததுதான். 1976-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹன்டரும் ஹாவர்த்தும் மாட்டு இதய மைட்டோகாண்ட்ரியாக்களில் கால்சியத்தை ஏற்றியபோது, உள்சவ்வில் ஒரு கட்டத்தில் சடாரென்று வழி திறந்தது. 1,500 டால்டன் எடைவரை உள்ள எந்த மூலக்கூறும் அதில் புகுந்துவிட முடிந்தது. கால்சியத்தை எடுத்துவிட்டால் அது மூடிக்கொண்டது. ஆகவே இது கிழிசலாக இருக்க முடியாது. இன்று அதற்கு ஊடுருவல் மாற்றத் துளை என்று பெயர். துளை திறந்ததும் புரோட்டான் குவியல் ஒரே கணத்தில் கரைகிறது, ஏடிபி உற்பத்தி நிற்கிறது, நீர் உள்ளே பாய்ந்து மைட்டோகாண்ட்ரியா ஊதிப்போகிறது, வெளிச்சவ்வு கிழிகிறது. ஒருசிலவற்றில் மட்டும் நடந்தால் செல் சமாளித்துவிடும். பெரும்பாலானவற்றில் நடந்தால் மிச்சமிருப்பவை செய்யும் ஏடிபியை உடைந்தவை தின்றுவிடும்.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கிரிஃபித்ஸும் ஹேல்ஸ்ட்ராப்பும் 1995-இல் செய்த சோதனை அழகானது. கதிரியக்கக் குறியிட்ட டிஆக்ஸிகுளுக்கோஸை எலி இதயத்துக்குக் கொடுத்தார்கள். அது செல்லுக்குள் போகும், ஆனால் உள்சவ்வைத் தாண்டாது. துளை திறந்தால் மட்டுமே மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புக முடியும். அடைப்பு நேரம் முழுவதும் குறியீடு வெளியிலேயே நின்றது. ரத்த ஓட்டத்துக்கு ஈடான திரவத்தை மறுபடி பாயவிட்ட சில நிமிடங்களில் அது உள்ளே இருந்தது. அடைப்பின்போது கால்சியம் ஏறினாலும் துளை மூடியே இருந்ததற்குக் காரணம் அமிலம்: புரோட்டான்கள் துளை திறப்பதைத் தடுக்கின்றன. திரும்பிவரும் ரத்தம் முதலில் கழுவிச் செல்வது அந்த அமிலத்தைத்தான். பிஎச் இயல்புக்கு வர நான்கைந்து நிமிடங்கள் போதும். அதே நிமிடங்களில் மைட்டோகாண்ட்ரியா மின்னழுத்தத்தை மீட்டுக்கொள்கிறது, மீட்ட அழுத்தமே சுற்றிலும் உள்ள மிகுதிக் கால்சியத்தை உள்ளே இழுக்கிறது.

துளை திறக்க இன்னொரு தூண்டுதலும் வேண்டும்: ஆக்ஸிஜனேற்றச் சேதம். ரத்தம் திரும்பிய முதல் நிமிடத்துக்குள்ளேயே ஆக்ஸிஜன் சார்ந்த கட்டற்ற மூலக்கூறுகள் வெடித்துக் கிளம்புவதை 1987-இல் ஜே ஸ்வியரின் குழு முயல் இதயங்களில் நேரடியாக அளந்தது. தடைபட்டுக் கிடந்த எலக்ட்ரான்கள் கட்டுப்பாடில்லாமல் ஆக்ஸிஜனில் சிந்துகின்றன என்று பொதுவாகச் சொல்லப்பட்டுவந்தது. 2014-இல் கேம்பிரிட்ஜில் மைக்கேல் மர்ஃபியும் தாமஸ் க்ரீக்கும் தங்கள் குழுவோடு வெளியிட்ட ஆய்வு இதைவிடக் குறிப்பான விடை தந்தது. அடைப்பின்போது சக்சினேட் என்ற எளிய கரிம அமிலம் தசையில் குவிகிறது. ஆக்ஸிஜன் வந்ததும் சக்சினேட் டிஹைட்ரோஜினேஸ் நொதி அதை அவசர அவசரமாக எரிக்கிறது. எலக்ட்ரான்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்து, முதல் தொகுதியின் வழியே பின்னோக்கித் தள்ளப்படுகின்றன, அங்கே சூப்பர் ஆக்ஸைடு உருவாகிறது. சக்சினேட் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். வெடிப்பும் அதற்குள் முடிந்துவிடும். சேதம் விளையும் வேகத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இதுவரை வரவில்லை.

ஆக, சேதத்துக்கான சரக்கு அடைப்பு நேரத்தில் சேர்கிறது, அதற்குத் தீ வைப்பது திரும்பும் ஆக்ஸிஜன். அடைப்பை நீக்காமல் விடுவது இதற்கு மாற்று அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீக்காவிட்டால் தசையின் பெரும்பகுதி சாவது உறுதி. எஞ்சும் கேள்வி, முதல் ஐந்து பத்து நிமிடங்களை எப்படிக் கடப்பது என்பதுதான்.

இதயத்தின் சொந்தத் தற்காப்பு

1986-இல் சார்லஸ் மரியும் ஜென்னிங்ஸும் ரீமரும் நாய்களின் கரோனரி தமனியை ஐந்து நிமிடம் அடைத்து ஐந்து நிமிடம் திறந்தார்கள். இப்படி நான்கு முறை. அதன்பின் நாற்பது நிமிட அடைப்பு. முன்கூட்டிய சிற்றடைப்புகள் இல்லாத நாய்களில் ஆபத்துப் பகுதியில் 29 விழுக்காடு செத்தது, இந்த நாய்களில் 7 விழுக்காடுதான். கூடுதலாக இருபது நிமிடம் ரத்தமின்றி வாடிய இதயம் குறைவாகச் சேதமடைந்தது என்ற இந்த முடிவை எதிர்பார்த்தவர் யாருமில்லை. முன்பழக்கம் என்று அழைக்கப்படும் இந்த விளைவு, பின்னர் பரிசோதிக்கப்பட்ட ஏறக்குறைய எல்லா விலங்கினங்களிலும் தோன்றியது. மறுபுறம், அதே கட்டுரையில் மூன்று மணி நேர அடைப்பில் எந்தப் பயனும் இல்லை என்பதும் இருந்தது. முன்பழக்கம் சாவைத் தள்ளிப்போடுகிறது, ரத்து செய்வதில்லை.

அதன் உட்பொறி ஒரு நீண்ட சங்கிலி. ரத்தமின்றி வாடும் செல் அடினோசினையும் பிராடிகைனினையும் வெளியிடுகிறது. அவை செல்மேற்பரப்பு ஏற்பிகளைத் தொட்டு உள்ளே பல நொதிகளை எழுப்பிவிடுகின்றன. செய்தி கடைசியில் மைட்டோகாண்ட்ரியாவை எட்டி, துளை திறப்பதற்கான வரம்பை உயர்த்துகிறது. இடைப்பட்ட நொதிகளின் பட்டியல் ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் வேறுபடுகிறது. முடிவிடம் மட்டும் எல்லோரிடத்திலும் மைட்டோகாண்ட்ரியாதான்.

மாரடைப்பு முன்னறிவிப்போடு வருவதில்லை, எனவே முன்பழக்கத்தை மருந்தாகக் கொடுக்க வழியில்லை. 2003-இல் ஜி-சிங் ஜாவோவும் யாகோப் வின்டன்-யோஹான்சனும் பின்பழக்கத்தைக் காட்டியது அதனால்தான் பரபரப்பை உண்டாக்கியது. அடைப்பைத் திறந்த உடனே முப்பது விநாடி விட்டு முப்பது விநாடி மறித்து, மூன்று முறை செய்தார்கள். நாய்களில் செத்த தசை கணிசமாகக் குறைந்தது. இப்படி விட்டு விட்டு ஓட்டுவது அமிலம் கழுவப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. துளைக்கு மூடியிருக்க இன்னும் சில நிமிடங்கள் கிடைக்கின்றன. இதற்கும் முன்னால், 1993-இல், கரின் ப்ரிஸிக்லெங்க் ஒரு தமனியின் பகுதிக்குக் கொடுத்த பழக்கம் இதயத்தின் வேறொரு பகுதியையும் காப்பதைக் கண்டிருந்தார். அங்கிருந்து கையில் கட்டிய ரத்த அழுத்தப் பட்டையை ஐந்து நிமிடம் இறுக்கி ஐந்து நிமிடம் தளர்த்துவது வரை வந்து சேர்ந்தது தொலைப்பழக்கம். விலையில்லாத, எந்தச் சிறு மருத்துவமனையிலும் செய்யக்கூடிய சிகிச்சை. அது பலிக்க வேண்டும் என்று மருத்துவ உலகம் மனதார விரும்பியது.

துளையை அடைக்கும் மருந்து

சைக்ளோஸ்போரின் இந்தக் கதைக்குள் வந்தது எதிர்பாராத வழியில். நார்வேயின் ஹார்டங்கர்விடா மேட்டுநிலத்து மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து சுவிட்சர்லாந்தின் சான்டோஸ் நிறுவனம் பிரித்தெடுத்த பொருள் அது. நோயெதிர்ப்பை அடக்கும் அதன் குணம் 1970-களில் தெரியவந்து, சிறுநீரக, இதய மாற்று அறுவைச் சிகிச்சைகள் பரவ வழிவகுத்தது. 1980-களின் இறுதியில் லண்டனில் மார்ட்டின் கிராம்ப்டனின் ஆய்வுக்கூடம், இதே மருந்து மிகச் சிறிய அளவிலேயே மைட்டோகாண்ட்ரியத் துளையை மூடுவதைக் காட்டியது. அது போய் ஒட்டிக்கொள்வது சைக்ளோஃபிலின் டி என்ற புரதத்தில். இந்தப் புரதம் துளையின் உடல் அல்ல. துளை எவ்வளவு கால்சியத்துக்குத் திறக்கும் என்பதைத் தீர்மானிக்கும் கூட்டாளி. 2005-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே, சைக்ளோஃபிலின் டி மரபணு நீக்கப்பட்ட எலிகளில் மாரடைப்புச் சேதம் வெகுவாகக் குறைவதை நிறுவின. துளைதான் கொல்கிறது என்பதற்கு அதைவிட வலுவான சான்று தேவைப்படவில்லை.

துளை எந்தப் புரதத்தால் ஆனது என்பது மட்டும் நழுவிக்கொண்டே இருக்கிறது. பாடநூல்களில் பல ஆண்டுகள் இடம்பிடித்திருந்த இரண்டு புரதங்களையும் எலிகளில் நீக்கிப் பார்த்தபோது துளை போகவில்லை. 2013-இல் இத்தாலியின் படுவா நகரக் குழு ஏடிபி சிந்தேஸையே சுட்டிக்காட்டியது: ஏடிபியைச் செய்யும் நொதிதான் உருமாறித் துளையாகிறது என்பது அவர்கள் வாதம். நான்கு ஆண்டுகள் கழித்து, அந்த நொதியின் கட்டமைப்பைக் கண்டதற்காக நோபல் பெற்ற ஜான் வாக்கரின் ஆய்வுக்கூடம், அதன் முக்கியமான துணையலகு இல்லாத செல்களிலும் துளை திறப்பதைக் காட்டியது. வழக்கு இன்னும் முடியவில்லை. மருந்து தேடுவோருக்கு இது சின்ன இடைஞ்சல் அல்ல. வடிவம் தெரியாத பூட்டுக்குச் சாவி செய்ய வேண்டியிருக்கிறது.

கையிலிருந்த சாவியை 2008-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் பியோ என்பவரின் தலைமையில் போட்டுப் பார்த்தார்கள். மாரடைப்போடு வந்த 58 பேரில் பாதிப்பேருக்கு, பலூன் செலுத்தி அடைப்பைத் திறப்பதற்குச் சற்று முன்னால், உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் சைக்ளோஸ்போரின் சிரை வழியே ஏற்றப்பட்டது. தசைச் சேதத்தைக் காட்டும் கிரியாட்டின் கைனேஸ் அளவு ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. ட்ரோபோனின் அளவில் தெளிவான வேறுபாடு இல்லை. அந்தச் சிறு பிசிறை அன்று பலரும் பொருட்படுத்தவில்லை.

2015-இல் சர்க்கஸ் என்ற பெயரில் பெரிய ஆய்வு வெளியானது. பிரான்ஸ், பெல்ஜியம், ஸ்பெயின் நாடுகளில் இதயத்தின் முன்சுவரில் பெரிய மாரடைப்போடு வந்த 970 பேர். ஓராண்டுக்குள் இறப்பு, இதயச் செயலிழப்பு மோசமாதல், அதற்காக மறுபடி மருத்துவமனைச் சேர்க்கை, இடது கீழறை விரிவடைதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் சைக்ளோஸ்போரின் பெற்ற குழுவில் 59.0 விழுக்காடு, பெறாத குழுவில் 58.1. அடுத்த ஆண்டு இத்தாலிய ஆய்வொன்றும் இதையே சொன்னது.

மற்ற முயற்சிகளும் ஒன்றன்பின் ஒன்றாக இதே சுவரில் மோதின. துளையைக் குறிவைத்த டிஆர்ஓ40303 பலனளிக்கவில்லை. உள்சவ்வுக்கே உரிய கார்டியோலிபின் என்ற கொழுப்பைப் பற்றிக்கொண்டு சவ்வின் மடிப்புகளைக் காக்கும் சிறு பெப்டைடான எலமிப்ரெடைட், மாரடைப்பு நோயாளிகளில் சேதத்தைக் குறைக்கவில்லை. (அந்த மருந்து பிழைத்தது வேறொரு வாசலில்: கார்டியோலிபின் பிறவியிலேயே சரியாக அமையாத பார்த் நோய்க்கு 2025-இல் அமெரிக்கா அதற்கு விரைவு ஒப்புதல் வழங்கியது.) பின்பழக்கம் டென்மார்க்கின் பெரிய ஆய்வில் தோற்றது. தொலைப்பழக்கத்துக்கான இறுதித் தீர்ப்பு 2019-இல் வந்தது. பிரிட்டன், டென்மார்க், ஸ்பெயின், செர்பியாவில் 5,401 நோயாளிகள். ஓராண்டில் இதயநோயால் இறந்தவர்கள் அல்லது இதயச் செயலிழப்போடு திரும்பியவர்கள் கையில் பட்டை கட்டியவர்களில் 9.4 விழுக்காடு, கட்டாதவர்களில் 8.6.

விலங்கில் பலிப்பது மனிதரில் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு ஒரே விடை இல்லை. சோதனை எலி இளம் வயதினது. நீரிழிவோ உயர் ரத்த அழுத்தமோ இல்லாதது. அதன் தமனி அரை மணி நேரம் அடைக்கப்பட்டுக் கடிகாரம் பார்த்துத் திறக்கப்படுகிறது. மாரடைப்போடு வரும் மனிதருக்கு அறுபது வயது இருக்கும், அடைப்பு ஏற்பட்டு மூன்று நான்கு மணி நேரம் ஆகியிருக்கும், காக்கத்தக்க தசையில் பாதி போயிருக்கும். முன்பழக்கமே மூன்று மணி நேர அடைப்பில் தோற்றது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சிரையில் ஏற்றிய மருந்து மூடிய தமனிக்கு அப்பால் போகாது. தமனி திறந்த பிறகு ரத்தத்தோடுதான் போகும், துளையும் அதே நேரத்தில்தான் திறக்கிறது. விலங்காய்வுகளின் தரத்தையும் குறை சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து எலி, முயல், பன்றி மூன்றிலும் ஒரே நெறிமுறையில் நடத்திய சீசர் திட்டத்தில் முன்பழக்கம் மூன்று இனத்திலும் பலித்தது. நல்ல பெயர் வாங்கியிருந்த நைட்ரைட்டும் சில்டினாஃபிலும் பலிக்கவில்லை.

அலபாமாவைச் சேர்ந்த ஜேம்ஸ் டவுனியும் மைக்கேல் கோஹனும் சொல்லும் விளக்கம் கூடுதல் கவனத்துக்குரியது. மாரடைப்பு நோயாளிக்கு, பலூன் செலுத்தி அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு முன்பே, ரத்தத் தட்டணுக்களைத் தடுக்கும் மருந்து தரப்படுகிறது. குளோபிடோக்ரல், டிகாகிரலார் ஆகியவை இந்த வகை. விலங்குகளில் இந்த வகை மருந்துகளே, ரத்தம் உறைவதைத் தடுப்பதற்கு அப்பால், பின்பழக்கத்துக்கு நிகரான பாதுகாப்பைத் தருகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். அப்படியானால் ஆய்வில் சேர்ந்த இரு குழுக்களுமே ஏற்கெனவே பாதி பாதுகாக்கப்பட்டவை. அதே வழியில் செயல்படும் இன்னொரு மருந்துக்குச் செய்ய வேலை மிச்சமில்லை.

துளை மருந்துகள் சாதிக்காததை அடைப்பு நேரத்தைச் சுருக்குவது சாதித்திருக்கிறது. தமிழ்நாட்டில் கோவையை மையமாகக் கொண்டு மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரின் குழு நடத்திய ஸ்டெமி திட்டம் சிறு மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸ்களையும் ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள மையங்களோடு இணைத்தது. உடனே ஆஞ்சியோபிளாஸ்டிக்கு வழியில்லாத இடத்தில் உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு மேலே அனுப்பும் முறை அது. 2017-இல் வெளியான முடிவுகளில், 2,420 நோயாளிகளில், ஓராண்டு இறப்பு திட்டத்துக்கு முன் 17.6 விழுக்காடாக இருந்து பின்னர் 14.2 ஆகக் குறைந்திருந்தது. எந்த மைட்டோகாண்ட்ரிய மருந்துக்கும் இதுபோல ஓர் எண் இன்றுவரை கிடையாது.

நேரம் முன்கூட்டியே தெரிந்த இடங்கள்

அறுவை அரங்கில் நிலைமை தலைகீழ். ரத்த ஓட்டம் எப்போது நிற்கும், எப்போது திரும்பும் என்பதை அறுவை மருத்துவரே முடிவு செய்கிறார். 1955-இல் லண்டனில் டென்னிஸ் மெல்ரோஸ் பொட்டாசியம் சிட்ரேட்டைச் செலுத்தி இதயத்தை நிறுத்திக் காட்டினார். அவர் பயன்படுத்திய செறிவு தசையைக் கெடுத்ததால் முறை கைவிடப்பட்டது. 1970-களில் அதே நகரின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹியர்ஸும் பிரெய்ம்பிரிட்ஜும் மிதமான பொட்டாசியமும் மெக்னீசியமும் கலந்த குளிர்ந்த கரைசலை உருவாக்கினர். திரும்பும் ஆக்ஸிஜன் இதயத்தைச் சேதப்படுத்துவதைக் காட்டிய அதே ஹியர்ஸ்தான் இவர். துடிக்காத இதயத்துக்கு ஏடிபி செலவு மிகக் குறைவு. வெப்பநிலை பத்து டிகிரி இறங்கினால் வளர்சிதைமாற்றம் ஏறத்தாழ பாதியாகிறது. இரண்டும் சேர்ந்தால் மைட்டோகாண்ட்ரியா ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தாக்குப்பிடிக்கிறது. இந்த வகைக் கரைசல்கள் இல்லாமல் இன்றைய திறந்த இதய அறுவையைக் கற்பனை செய்ய முடியாது. மைட்டோகாண்ட்ரியாவைக் காக்கும் மிகப் பெரிய வெற்றி இதுதான். துளையைப் பற்றி எதுவும் தெரியாத காலத்தில் கிடைத்தது என்பதால் யாரும் அதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கொடையாகப் பெறப்படும் இதயத்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் நான்கு மணி நேரம் வரை வைத்திருக்கலாம் என்ற வழக்கமான வரம்பும் இதே குளிர்ச்சியைச் சார்ந்தது. சென்னைச் சாலைகளில் இதயத்தை ஏற்றிய வாகனத்துக்காகப் போக்குவரத்தை நிறுத்தும் ஏற்பாடுகளுக்குப் பின்னால் இருப்பது அந்த நான்கு மணி நேரம். குளிர்ச்சி சக்சினேட் குவிவதை மந்தப்படுத்துகிறது, நிறுத்துவதில்லை என்று 2019-இல் கேம்பிரிட்ஜ் குழுவினர் காட்டினர். துடிப்பு நின்ற பிறகு எடுக்கப்படும் இதயங்களில், குளிரூட்டுவதற்கு முன்பே வெதுவெதுப்பான உடலுக்குள் அடைப்புக்கு நிகரான சேதம் தொடங்கிவிடுவதால், சிக்கல் இன்னும் கூர்மையானது. 2014-இல் சிட்னியின் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் அத்தகைய இதயத்தைக் கருவியில் வைத்து, வெதுவெதுப்பான ரத்தத்தைப் பாயவிட்டு மறுபடி துடிக்கச் செய்து பொருத்தினார்கள். ரத்தம் முதன்முதலாகத் திரும்பும் அந்த நிமிடங்கள் நோயாளியின் நெஞ்சுக்கு வெளியே, மருத்துவர் கட்டுப்பாட்டில் நிகழ்கின்றன. பாயும் திரவத்தின் பிஎச், கால்சியம், வெப்பநிலை, அழுத்தம் எல்லாவற்றையும் அங்கே மாற்றிப் பார்க்க முடியும்.

மாரடைப்பைப் பொறுத்தவரை, சக்சினேட் எரிவதைத் தடுக்கும் மாலொனேட்டின் மீதும் இப்போது எதிர்பார்ப்பு இருக்கிறது. இது சக்சினேட் டிஹைட்ரோஜினேஸை மறிக்கும் பழைய வேதிப்பொருள். உயிர்வேதியியல் மாணவர்கள் போட்டித் தடைக்கு உதாரணமாகப் படிப்பது. இயல்பான பிஎச்சில் அது செல்லுக்குள் எளிதில் புகாது. அமிலம் மிகுந்த நிலையில் லாக்டேட்டைக் கடத்தும் புரதத்தின் வழியே உள்ளே நுழைகிறது என்று 2022-இல் தெரியவந்தது. அதாவது எங்கே ரத்தம் நின்றிருந்ததோ அங்கே மட்டும் அது வேலை செய்கிறது. எலிகளிலும் பன்றிகளிலும் ரத்தம் திரும்பும் நேரத்தில் கொடுத்தாலே சேதம் குறைந்தது. விலங்கில் பலித்தது என்பதைக் கொண்டு அளவுக்கு மீறி நம்பிவிடக் கூடாது என்பதற்குச் சைக்ளோஸ்போரின் சாட்சி.

உடைந்தவற்றைக் காப்பதற்குப் பதில் நல்லவற்றைக் கொண்டுவந்து சேர்ப்பது இன்னொரு வழி. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஜேம்ஸ் மெக்கல்லியும் சிதாராம் ஏமானியும், அறுவைக்குப் பின் இதயம் மீளாமல் செயற்கைச் சுழற்சிக் கருவியில் இருந்த குழந்தைகளின் வயிற்றுத் தசையில் சிறு துண்டெடுத்து, அதிலிருந்து மைட்டோகாண்ட்ரியாக்களைப் பிரித்து, அவர்களுடைய இதயத்தசையிலேயே ஊசிமூலம் செலுத்தினார்கள். 2017-இல் வெளியான அறிக்கையில் ஐந்து குழந்தைகளில் நால்வர் கருவியிலிருந்து விடுபட்டிருந்தனர். ஒப்பிடுவதற்கு வேறு குழு இல்லை. உயிரணுவியலாளர்கள் பலருக்கு இதில் அடிப்படையான ஐயம் உண்டு: ரத்தத்திலும் செல்லுக்கு வெளியே உள்ள திரவத்திலும் கால்சியம், செல்லுக்குள் இருப்பதைப் போல ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. தனியாகப் பிரித்த மைட்டோகாண்ட்ரியா அந்தத் திரவத்தில் விழுந்த கணமே கால்சியத்தை இழுத்து, துளை திறந்து, வீங்கிச் செயலிழக்க வேண்டும். அதில் எத்தனை முழுதாகச் செல்லுக்குள் போய்ச் சேர்கின்றன, சேர்ந்தவை அங்கே ஏடிபி செய்கின்றனவா, அல்லது உடைந்த துண்டுகள் வேறேதோ சமிக்ஞையால் நன்மை தருகின்றனவா என்பதைப் பற்றி இரு தரப்பும் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றன.